ஹாக்கன் பாறையில் தபால் ஏறிய வழி

கம்பர்லாந்து மலைகளுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் ஓர்ஸ்கேல் பள்ளத்தாக்கில் ஹில்டா மாஸப் தபால்காரி ஆனபோது அவளுக்கு இருபத்தாறு வயது. அது 1921ஆம் வருடம். அந்த வேலைக்கு மனு போட்டவள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் போடாததற்குக் காரணம் ஃபியரன் சகோதரர்கள் என்பது பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்த விஷயம்.

மூத்தவர் ஜாஸ் ஃபியரன் ஹாக்கன் பாறைக்கு அடியில் இருந்த கீழ்ப் பண்ணையில் ஆடு வளர்த்தார். இளையவர் லான்ட்டி ஃபியரன் அதே பாறையின் தலைமாட்டில் இருந்த மேல் பண்ணையில் ஆடு வளர்த்தார். நடுவே முந்நூற்றுப் பத்து அடிக்குச் சுவர் மாதிரி நிற்கிற பாறை. 1919 ஏப்ரலில் யாரோ ஒரு படலைத் திறந்துபோட்டுவிட்டுப் போனதில் இரண்டு பேருடைய ஆடுகளும் கலந்துவிட்டன. பிரித்து முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று. பத்தாம் நாளிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை. எழுத்து மட்டும் இருந்தது. படலைத் திறந்தது நீதான் என்று இவர் எழுதுவார், இல்லை நீதான் என்று அவர் எழுதுவார், ஞாயிறு நீங்கலாக ஆளுக்குத் தினம் ஒன்று.

ஜாஸ் கொடுக்கும் கடிதத்தை ஹில்டா டவுனுக்குக் கொண்டுபோவாள். அங்கே முத்திரை குத்தி, மறுநாள் காலை அவள் பையிலேயே திரும்பப் போடுவார்கள். அதைத் தூக்கிக்கொண்டு பாறையைச் சுற்றி ஆறு மைல் நடந்து லான்ட்டியிடம் சேர்ப்பாள். லான்ட்டி வாசலில் நின்றபடியே படித்துவிட்டு, "பொய்யி. அத்தனையும் பொய்யி," என்பார். பிறகு தன்னுடைய கடிதத்தை நீட்டுவார். மூன்று வருடம் இப்படியே நடந்தது.

1924 பிப்ரவரியில் வெள்ளம் வந்து, சுற்றுவழியில் இருந்த பாலத்தை அடித்துக்கொண்டு போயிற்று. ஹில்டா பாறையடியில் வந்து நின்றாள். பாறையின் பக்கவாட்டில் ஒரு சரளைச் சரிவு உண்டு. அதில் சறுக்கி இறங்கலாமே தவிர ஏற முடியாது, ஓர் அடி வைத்தால் இரண்டு அடி கீழே வரும். என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது, ஜாஸின் பெட்டை ஆடு ஒன்று பாறையின் முதல் திட்டில் தாவி ஏறிப் புல் மேய்ந்தது. ஆடு போனால் நானும் போகலாம் என்று ஹில்டா பின்னால் ஏறினாள். ஆடு அந்தத் திட்டோடு நின்றுவிட்டது. ஹில்டாவின் பையில் கடிதம் இருந்ததால் அவளால் நிற்க முடியவில்லை.

முதல் நாள் ஒரு மணி நேரம் பிடித்தது. ஒரு மாதத்தில் அது அரை மணியாகி, கோடையில் பதினெட்டு நிமிடத்தில் வந்து நின்றது. பாலத்தைத் திருப்பிக் கட்டிய பிறகும் அவள் பழைய வழிக்குப் போகவில்லை, ஆறு மைல் என்பது ஆறு மைல்தானே. பாறை ஈரமாக இருந்தால் பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கம்பளிக் காலுறையோடு ஏறுவாள். கை பிடிக்கும் இடங்களுக்குப் பெயர்கூட வைத்திருந்தாள். ஒன்று ரொட்டி, ஒன்று கடைவாய்ப் பல், மேலே துருத்திக்கொண்டிருக்கிற வழுக்கல் கல்லுக்குப் பாதிரியார் மூக்கு. இதற்குப் பாறையேற்றம் என்று ஒரு பெயர் இருக்கிறது என்றோ, இதற்காகவே ஆட்கள் ரயிலேறி வருகிறார்கள் என்றோ அவளுக்குத் தெரியாது.

அப்படி இரண்டு பேர் 1933 ஆகஸ்டில் வந்தார்கள். ஒருவர் டென்ஹாம் பர்விஸ், மான்செஸ்டரில் வழக்கறிஞர், மலையேறிகள் சங்கம் ஒன்றின் செயலாளர். மற்றவர் அவருடைய நண்பர் பாதிரியார் க்ளீவ். ஹாக்கன் பாறையின் நேர்முகத்தில், அதாவது செங்குத்தான முன்பக்கத்தில், இதுவரை மனிதக் கால் பட்டதில்லை என்று சங்கத்தின் புத்தகத்தில் அச்சாகியிருந்தது. முதல் கால் தங்களுடையதாக இருக்க வேண்டும் என்று மூன்று கோடையாக முயன்று வந்தார்கள். ஹில்டா ஏறிப் போய் வெகுநேரம் கழித்தே தினமும் பாறையடிக்கு வந்ததால் அவளைப் பார்த்ததில்லை. இந்தக் கோடையில் நான்காம் நாள் விடிவதற்குள் தொடங்கியதால், காலையில் பர்விஸ் இருநூற்றுப் பத்து அடி உயரத்தில் பாதிரியார் மூக்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். அதன் பெயர் அதுவென்று அவருக்குத் தெரியாது. பத்தடி கீழே இருந்த திட்டில் நிஜப் பாதிரியார் கயிற்றைப் பிடித்தபடி முணுமுணுவென்று ஜெபம் செய்துகொண்டிருந்தார். ஒரு மணி நேரமாகக் கயிறு அசையவில்லை.

கீழேயிருந்து ஒரு குரல் வந்தது. "கொஞ்சம் ஒதுங்குறீங்களா சார்?"

பாதிரியார் குனிந்து பார்த்தார். தொப்பியும் பையுமாக ஒரு பெண் மேலே வந்துகொண்டிருந்தாள்.

"எங்கேம்மா போறீங்க?"

"மேல் பண்ணைக்கு."

"இது வழி இல்லைம்மா."

"ஒன்பது வருஷமா இதுதான் சார் வழி," என்ற ஹில்டா, மேலே தொங்கிக்கொண்டிருந்தவரைப் பார்த்தாள். "அவருக்கு என்ன ஆச்சு?"

"முயற்சி பண்றார்."

ஹில்டா பர்விஸுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். அவர் இரண்டு கையாலும் மூக்கையே பிடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள்.

"சார், வலது கையை எடுத்து உங்க காதுக்குப் பின்னாடி வைங்க. அங்கே ஒண்ணு இருக்கு. கடைவாய்ப் பல்லு."

பர்விஸ் வைத்துப் பார்த்தார். அங்கே ஒன்று இருந்தது. மூன்று கோடையாக அவர் தேடியது அதைத்தான்.

"உங்க பேரு பர்விஸா?" என்று கேட்டாள் ஹில்டா. "விடுதியில தங்கியிருக்கிறவரு?"

"ஆமா."

"ஒரு ரிஜிஸ்டர் தபால் இருக்கு. இங்கேயே வாங்கிக்கிறீங்களா? கையெழுத்துப் போடணும்."

"இப்பவா?"

"இல்லேன்னா விடுதிக்கு நாளைக்குத்தான் சார் வருவேன்."

சட்டம் படித்தவர் என்பதால் பதிவுத் தபாலை மறுக்கக் கூடாது என்பது பர்விஸின் ரத்தத்தில் ஊறியிருந்தது. ஒற்றைக் கையால் பல்லைப் பிடித்துக்கொண்டு, பாறையின் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். ஹில்டா கடிதத்தை அவருடைய சட்டைப் பைக்குள் செருகிவிட்டு, அவர் தோளில் ஒரு கால் வைக்கலாமா என்று கேட்டு, வைத்து, மேலே போய்விட்டாள். கடிதம் சங்கத்திலிருந்து வந்திருந்தது. ஹாக்கன் பாறையின் முதல் ஏற்றம் முடிந்துவிட்டதா, புத்தகத்தில் அச்சிடலாமா என்று கேட்டிருந்தார்கள்.

பர்விஸ் நேர்மையான மனிதர். அதனாலேயே அந்த இலையுதிர்காலம் முழுவதும் தூங்காமல் கஷ்டப்பட்டார். நடந்ததை ஒன்று விடாமல் சங்கத்துக்கு எழுதினார். சங்கம் ஐந்து கூட்டம் போட்டு விவாதித்தது. கயிறு இல்லாமல் ஏறியது செல்லுமா, சம்பளம் வாங்கிக்கொண்டு ஏறியது செல்லுமா, பெண் ஏறியது செல்லுமா என்றெல்லாம் கேள்வி வந்து, கடைசியில் ஒரே ஒரு கேள்வியில் வந்து முட்டிக்கொண்டது. அதைக் கேட்டுவர நவம்பர் மழையில் பர்விஸே ஹில்டாவின் வீட்டுக்கு வந்தார். அவள் தேநீர் ஊற்றி, இஞ்சி ரொட்டியை வெட்டி வைத்தாள்.

"மிஸ் மாஸப், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. பாறையில ஏறணும்னு நினைச்சு ஏறினீங்களா?"

"இல்லையே சார். லெட்டர் குடுக்கணும்னு நினைச்சு ஏறினேன்."

"ஒரு தடவைகூட, சும்மா ஏறிப் பாக்கலாமேன்னு தோணினதில்லையா?"

"சும்மா எதுக்கு சார் ஏறணும்?"

பர்விஸ் கோப்பையைத் தள்ளி வைத்தார். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்," என்றார். "எனக்காக."

"பொய் எப்படி சார் சொல்றது?"

ஏறுகிற எண்ணம் இல்லாமல் ஏறுவது ஏற்றமாகாது என்று சங்கம் முடிவு செய்தது. அதே சமயம், ஏறியாகிவிட்ட பாறையை ஏறவில்லை என்று அச்சிடவும் முடியாது. ஆகவே அந்த வருடத்துப் புத்தகத்தில் இப்படி வந்தது: ஹாக்கன் பாறை, நேர்முகம், முந்நூற்றுப் பத்து அடி, மிகக் கடினம். முதல் ஏற்றம்: தபால்.

பர்விஸ் ஒரு பிரதி அனுப்பியிருந்தார். ஹில்டா அந்த வரியைப் படித்துவிட்டு அலமாரியில் வைத்தாள். அவளுக்கு வருத்தமெல்லாம் இல்லை. ஆனால் மறுநாள் பாறையில் பாதி ஏறியபோது, சும்மா எதுக்கு ஏறணும் என்ற தன் குரலே மண்டைக்குள் கேட்டது. ஏன் கேட்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை.

அந்தப் புத்தகத்தை ஒரு பத்திரிகைக்காரர் பார்த்தார். அவர் எழுதியதை மாவட்டத் தபால் அதிகாரி படித்தார். ஏப்ரல் மாதம் ஆய்வாளர் ஏமஸ் பிண்டர் ஓர்ஸ்கேலில் வந்து இறங்கினார். ஒல்லியான, மரியாதை தெரிந்த மனிதர். கறுப்புக் கோட்டு, வட்டத் தொப்பி, கையில் படிவம்.

"உங்க மேல புகார் எதுவும் இல்லை மிஸ் மாஸப். தபால் நேரத்துக்குப் போகுது. ஆனா ஒரு வழின்னா, நீங்க லீவு போட்டா இன்னொருத்தர் போற மாதிரி இருக்கணும். அதை நான் நடந்து பாத்துச் சான்று தரணும். விதி."

"நடக்க முடியாது சார். ஏறணும்."

"படிவத்துல நடந்துன்னுதான் இருக்கு," என்றார் பிண்டர்.

ஹில்டா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவள் கால் வைத்த இடத்தில் எல்லாம் கால் வைத்து வந்தார். சொல்லப்போனால் மோசமில்லை. இருநூறு அடியில், மூக்குக்கு அடியில் இருந்த திட்டு வரை வந்து உட்கார்ந்தார். பிறகு கீழே பார்த்தார். அதற்கப்புறம் அவரால் எழுந்திருக்க முடியவில்லை.

"சார், கயிறு கொண்டு வரட்டுமா?"

"முதல்ல தபாலைக் குடுத்துட்டு வாங்க," என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு. "தாமதம் ஆகக் கூடாது."

மேலே லான்ட்டியிடம் எழுபதடிக் கயிறுதான் இருந்தது. திட்டு இருந்தது உச்சியிலிருந்து நூற்றுப் பத்தடிக்குக் கீழே. இன்னொரு எழுபதடிக் கயிறு ஜாஸ் வீட்டில் இருந்தது.

"நீ போய்க் கேளு ஹில்டா," என்றார் லான்ட்டி.

அவள் சரளையில் சறுக்கி இறங்கி ஜாஸிடம் கேட்டாள்.

"யாருக்குக் கயிறு?" என்றார் ஜாஸ்.

"ஆபீசருக்கு."

"கட்டப்போறது யாரு கயித்தோட?"

"உங்க தம்பி கயித்தோட."

"அப்ப அவன் கேக்கணும். எழுத்துல."

ஹில்டா மறுபடி ஏறினாள். திட்டைக் கடக்கும்போது பிண்டரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் குடும்பச் சண்டைகளில் துறை தலையிடுவதில்லை என்றார். மேலே லான்ட்டி கால் மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தாளில் எழுதி மடித்துக் கொடுத்தார். மறுபடி இறங்கினாள். ஜாஸ் படித்துவிட்டு, அதே தாளின் பின்பக்கம் பதில் எழுதினார். அதை வாங்கிக்கொண்டு அவள் ஏறும்போது பிண்டர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"அது என்ன?"

"லெட்டர் சார். ஜாஸ் அய்யா குடுத்தாரு."

"தபால்தலை எங்கே?"

ஹில்டா அவரைப் பார்த்தாள். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. "தபால் ஊழியர் பணி நேரத்துல தபால்தலை ஒட்டாத கடிதத்தை எடுத்துட்டுப் போகக் கூடாது மிஸ் மாஸப். நான் பாக்காம இருந்திருந்தா வேற விஷயம். பாத்துட்டேன்." உட்பையிலிருந்து நடுங்கும் விரல்களால் ஒரு தபால்தலையை எடுத்து, நாக்கில் தடவி ஒட்டினார். கோட்டில் தேதி முத்திரையும் வைத்திருந்தார். முழங்காலில் வைத்து ஒரு குத்து. வேலை செய்யும்போது மட்டும் அவருடைய கை நடுங்காமல் இருந்ததை ஹில்டா கவனித்தாள். அன்று மதியம் வரை அந்தத் திட்டு ஒரு தபால் நிலையமாகவே இயங்கியது.

ஜாஸ் எழுதியிருந்தது: "ஐயா, கயிறு தரச் சம்மதம். 1919 ஏப்ரலில் படலை மூடியவனுடைய கயிறு இது என்பதை ஒப்புக்கொண்டு கையெழுத்திடவும்."

லான்ட்டி அனுப்பிய பதில்: "ஐயா, உங்கள் கயிறு கயிறுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். மற்றது முடியாது. ஆபீசருக்குக் குளிருகிறது."

ஜாஸ் கடைசி வரியை இரண்டு முறை படித்தார். "குளிருதா?" என்று ஹில்டாவிடம் கேட்டார்.

"உதடு நீலம் பாய்ஞ்சிருச்சு."

ஜாஸ் உள்ளே போய்க் கயிற்றைத் தூக்கி வந்தார். கூடவே ஒரு கம்பளி மேல்சட்டையும் கொண்டு வந்தார். "இது எழுத்துல வேணாம்," என்றார்.

ஹில்டா கயிற்றைக் குறுக்கே மாட்டிக்கொண்டு நான்காம் முறையாக ஏறினாள். பிண்டர் மேல்சட்டையை நன்றியோடு வாங்கிப் போட்டுக்கொண்டார். பிறகு கயிற்றையே உற்றுப் பார்த்தார்.

"அது பதினோரு பவுண்டுக்கு மேல இருக்குமே. பார்சல் எடை வரம்பு பதினொண்ணு. ரெண்டா வெட்டித்தான் எடுத்துட்டுப் போகணும்."

பதின்மூன்று வருட வேலையில் ஹில்டா முதன்முறையாகக் குரலை உயர்த்தினாள். "சார், அது உங்களைத் தூக்கறதுக்குத்தான் வருது."

பிண்டர் யோசித்தார். "அப்படின்னா அது பார்சல் இல்லை," என்றார் கடைசியில். "உபகரணம். போகலாம்."

லான்ட்டியும் ஹில்டாவும் சேர்ந்து அவரை உச்சிக்கு இழுத்துப் போட்டார்கள். லான்ட்டி ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வெந்த சட்டியை முன்னால் வைத்தார். பிண்டர் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுப் படிவத்தை எடுத்தார். வழியின் தன்மை என்ற இடத்தில் சாலை, வண்டிப் பாதை, ஒற்றையடிப் பாதை, வயல் என்று நான்குதான் இருந்தன. வயல் என்பதைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் 'செங்குத்து' என்று எழுதினார். சான்றில் கையெழுத்தும் போட்டார். "இதைவிடச் சரியான வழி என் பணிக்காலத்துல பாத்ததில்லை," என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு அவர் சுற்றுவழியாகத்தான் போனார்.

சான்று வந்ததால் ஒரு சிக்கலும் வந்தது. வழி முறைப்படி வழியாகிவிட்டது, ஆகவே ஹில்டா முறைப்படி விடுப்பு எடுத்தே தீர வேண்டும். ஆகஸ்டில் இரண்டு வாரம். அதற்கு மாற்றாள் வேண்டும் என்று விளம்பரம் செய்தார்கள். வந்த ஒரே மனு மான்செஸ்டர் வழக்கறிஞர் டென்ஹாம் பர்விஸிடமிருந்து வந்தது. ஹில்டாவுடையதைப் போலவே தபால் தொப்பியும் கைப்பட்டையும் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"சார், எதுக்கு உங்களுக்கு இது?" என்றாள் ஹில்டா.

"பாதிரியாருக்கு முழங்கால் போயிடுச்சு. தனியா ஏற எங்க சங்கத்துல அனுமதி இல்லை. தபாலா இருந்தா பிரச்சினை இல்லையாம்."

விடுப்பின் முதல் நாள் ஹில்டா துணி துவைத்தாள். இரண்டாம் நாள் துவைத்த துணியையே மறுபடி துவைத்தாள். மூன்றாம் நாள் காலை, பையில்லாமல் பாறையடிக்கு வந்தாள். பர்விஸ் நேர்முகத்தில் எண்பது அடியில் ரொட்டியைத் தேடிக்கொண்டிருந்தார். ஹில்டா இடது ஓரத்துக்குப் போனாள். அங்கே அவள் ஏறினதே இல்லை. அந்தப் பக்கம் ஏறினால் யார் வீடும் வராது.

நூற்றைம்பது அடியில் அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. கீழே நிறைய இடம் இருந்தது. பத்து வருடமாக அது அங்கேயேதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் தோளில் பை இருந்தது, பையில் கடிதம் இருந்தது, லான்ட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார், அதனால் பார்த்ததில்லை. இப்போது தோள் காலியாக இருந்தது. இடது காலுக்குக் கீழே சுண்டுவிரல் அகலத்துக்குத்தான் பாறை. திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தாள். யாரும் எதிர்பார்க்கவில்லை, போனால் யாரும் கேட்கவும் மாட்டார்கள். யாரும் கேட்க மாட்டார்கள் என்பதே அவளுக்கு விசித்திரமாக இருந்தது, சிரிப்பு வந்தது. சிரித்தபடியே கைக்கு எட்டாத விளிம்பு ஒன்றை எம்பிப் பிடித்தாள்.

உச்சியில், தபாலை எதிர்பார்த்து லான்ட்டி வந்து நின்றிருந்தார்.

"லெட்டர் எங்கே?"

"பர்விஸ் சார் கொண்டு வர்றாரு. இன்னும் மூணு மணி நேரம் ஆகும்."

"அப்ப நீ எதுக்கு வந்தே?"

"ஏறிப் பாக்கலாம்னு வந்தேன்."

லான்ட்டி அவளை மேலும் கீழும் பார்த்தார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே பொண்ணே?" என்றார்.

பர்விஸ் அன்றே சங்கத்துக்கு எழுதினார். இந்த முறை ஒரு கூட்டத்தில் முடிந்துவிட்டது. ஹாக்கன் பாறை, இடது ஓரம், முந்நூறு அடி, மிக மிகக் கடினம். முதல் ஏற்றம்: மிஸ் எச். மாஸப். முதலில் ஏறியவர் வழிக்குப் பெயர் வைக்கலாம் என்றார்கள். மற்றவர்கள் கிரேக்கக் கடவுள்களின் பெயரை வைத்துக்கொண்டிருந்த காலம். ஹில்டா 'விடுப்பு' என்று வைத்தாள்.

அடுத்த இருபது வருடத்தில் அவள் அந்த மலைகளில் பதினேழு புதிய வழிகள் ஏறினாள். அத்தனையும் ஆகஸ்டின் இரண்டு வாரங்களுக்குள். 'ஈரத் துணி', 'பல்வலி', 'அத்தை வந்துவிட்டாள்' ஆகிய மூன்றும் இன்றைக்கும் நன்றாக ஏறுகிறவர்களையே திருப்பி அனுப்புகின்றன. போருக்குப் பிறகு சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது முதல் அட்டை அவளுக்குத்தான் வந்தது. அதை அவளேதான் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்து போட வேண்டியிருந்தது. ஃபியரன் சகோதரர்கள் கடைசி வரை எழுதிக்கொண்டேதான் இருந்தார்கள். அவள் ஓய்வு பெற்றபோது நேர்முகத்தை ஏழாயிரம் தடவைக்கு மேல் ஏறியிருப்பாள் என்று பர்விஸ் கணக்குச் சொன்னார். ஒரு தடவைகூட விழவில்லை.

விழுந்தது 1957இல், சர்ச் மண்டபத்தில். அறுவடை விழாவுக்குத் திரை மாட்டுவதற்காக நாற்காலியில் ஏறியவள் சரிந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். உறுப்பினர்களின் விபத்துகளை எல்லாம் ஆண்டு மலரில் வெளியிடுவது சங்கத்தின் வழக்கம். பர்விஸ் ஆரஞ்சுப் பழங்களோடு பார்க்க வந்து, படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தார்.

"எவ்வளவு உயரம்?"

"ஒண்ணரை அடி."

"கயிறு இருந்ததா?"

"திரைக் கயிறு இருந்துச்சு."

எழுதிக்கொண்டார். பிறகு தயங்கினார். "ஒரு கேள்வி கேக்கணும் ஹில்டா. படிவத்துல இருக்கு. ஏறணும்னு நினைச்சுத்தான் ஏறினீங்களா?"

ஹில்டா கட்டுப் போட்ட கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள்.

"ஆமான்னு போட்டுக்கோங்க," என்றாள். "அந்த ஆரஞ்சுல ஒண்ணை உரிச்சுக் குடுங்க."